மாஸ்ஃபெட் ஆம்ப்ளிஃபயர் தையில் ஒழுங்காக ஓடுகிறது, சித்திரையில் மட்டும் அவுட்புட் போவது ஏன்?

கேட்டவர் கும்பகோணம் பக்கம் மைக்செட் தொழில் செய்கிறவர். தை மாதம் 100 மில்லிஆம்பியர் பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் ஓடவிடுகிற சிறு கரன்ட்) வைத்த ஐஆர்எஃப்பி 240, 9240 மாஸ்ஃபெட் ஜோடி (ஸ்பீக்கரை ஓட்டுகிற அவுட்புட் டிரான்சிஸ்டர்கள்), சித்திரைத் தேருக்குப் போன இடத்தில் பாட்டே போடாமல் சூடேறி ஷார்ட் ஆகிவிட்டதாம். "மாஸ்ஃபெட் சூட்டுக்கு அசையாது என்றுதானே படித்தோம்?" என்கிறார்.

படித்தது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

சூடேறும்போது மாஸ்ஃபெட்டுக்குள் இரண்டு காரியம் நடக்கிறது. அதைத் திறப்பதற்குக் கேட் காலில் கொடுக்க வேண்டிய வோல்டேஜ் குறைகிறது. அது கரன்ட்டை ஏற்றும். கூடவே சேனலின், அதாவது உள்ளே கரன்ட் ஓடும் பாதையின், தடை கூடுகிறது. அது கரன்ட்டை இறக்கும். இரண்டும் சரிக்குச் சரியாக நிற்கிற கரன்ட் ஒன்று உண்டு. அதற்கு மேலே இருந்தால் தானே அடங்கும், கீழே இருந்தால் சூட்டோடு ஏறும். ஆடியோவுக்கென்றே செய்த லேட்டரல் வகையில், அதாவது 2எஸ்கே 1058, 2எஸ்ஜே 162 போன்றவற்றில், அந்த இடம் 100 மில்லிஆம்பியர் பக்கம். நாம் பயாஸ் வைப்பதும் அங்கேதான். மாஸ்ஃபெட்டுக்கு வந்த நல்ல பெயர் முழுக்க இந்த வகையால் வந்தது. ஐஆர்எஃப்பி 240 ஸ்விட்சிங் வேலைக்கான சரக்கு. அதில் அந்த இடம் பல ஆம்பியருக்கு மேலே. 100 மில்லிஆம்பியரில் அது ஏறுகிற பக்கத்தில்தான் நிற்கிறது.

கணக்குப் பாருங்கள். கேட் வோல்டேஜ் டிகிரிக்கு ஏறக்குறைய 6 மில்லிவோல்ட் குறையும். ஹீட்சிங்க் 30லிருந்து 70 டிகிரிக்குப் போனால் 240 மில்லிவோல்ட். சோர்ஸ் காலில் சீரிஸாக இருக்கிற 0.22 ஓம் ரெசிஸ்டர் காப்பாற்றும் என்பார்கள். 100 மில்லிஆம்பியருக்கு அதில் விழுவது 22 மில்லிவோல்ட். 240க்கு முன்னால் 22 எம்மாத்திரம்?

சரி, பயாஸ் வோல்டேஜைக் கொடுக்கிற பிடி 139 டிரான்சிஸ்டரை ஹீட்சிங்கில் முறுக்கி, சூடேற ஏற அந்த வோல்டேஜை அது இறக்கும்படி விட்டால் போதுமா? இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். இரண்டு கேட்டுக்கும் சேர்த்து 8 வோல்ட் வேண்டும். அது முழுவதையும் பிடி 139 கொடுத்தால் 0.6 வோல்ட்டை 13 மடங்கு பெருக்குகிறது. டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வீதம் 26 இறக்கும். தேவையோ இரண்டு மாஸ்ஃபெட்டுக்கும் ஆறாறாக 12தான். ஆம்ப்ளிஃபயர் எரியாது, ஆனால் சூடானதும் பயாஸ் செத்துவிடும். நாதஸ்வரக்காரர் ஆலாபனையில் இழைத்து வாசிக்கும்போது நுனியில் ஒரு கரகரப்பு கேட்கும். மைக்கை மாற்றிப் பிரயோசனமில்லை.

ஆகவே பங்கு போடுங்கள். 4.7 வோல்ட் ஜீனர் (நிலையான வோல்டேஜ் கொடுக்கும் டயோடு) ஒன்றை ஹீட்சிங்கைத் தொடாமல் போர்டிலேயே வைத்து, அதோடு சீரிஸில் பிடி 139. கலெக்டர் பேஸ் நடுவே 3.3 கே. பேஸ் எமிட்டர் நடுவே 470 ஓமும் 1 கே பிரிசெட்டும் (திருகி மாற்றுகிற ரெசிஸ்டர்) சீரிஸாக. மொத்தத்துக்கும் குறுக்கே 10 மைக்ரோ கப்பாசிட்டர். பிரிசெட் கண்டிப்பாக எமிட்டர் பக்கம்தான் இருக்க வேண்டும்: ஈரத்தில் பிரிசெட் விட்டுப்போனால் அங்கே பயாஸ் இறங்கும், கலெக்டர் பக்கம் இருந்தால் உச்சத்துக்கு ஏறி எல்லாம் போகும். பிடி 139ஐ ஹீட்சிங்கின் ஓரத்தில் வைக்காமல், அவுட்புட்டை முறுக்கும் அதே ஸ்க்ரூவில் அதன் நெற்றிமேல் வையுங்கள். பேஸ்ட் மெல்லிசாக.

ஸ்பீக்கரும் சிக்னலும் இல்லாமல், மெயின்ஸ் லைனில் சீரிஸாக 100 வாட் குண்டு பல்போடு, பிரிசெட்டை முழுத் தடையில் வைத்து ஆரம்பியுங்கள். பல்பு மங்கி நின்றால் அதை எடுத்துவிட்டு 0.22 ஓமின் குறுக்கே 22 மில்லிவோல்ட் வரும்வரை மெல்லத் திருப்புங்கள். பிறகு டம்மி லோடில் (ஸ்பீக்கருக்குப் பதில் போடுகிற பெரிய ரெசிஸ்டர்) ஓட்டி ஹீட்சிங்க் 60 டிகிரி ஆனதும் சிக்னலை நிறுத்தி, ஒரு நிமிடத்துக்குள் அளக்கவும். 18லிருந்து 30 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. ஏறிக்கொண்டே போனால் ஜீனரை 3.9 ஆக்குங்கள், இறங்கினால் 5.6. இரண்டிலும் பிரிசெட்டைத் திரும்ப வைக்க வேண்டும்.

"இதெல்லாம் எதற்கு, லேட்டரலே போடலாமே" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: போடலாம், நல்லதுதான். ஆனால் 1058 தயாரிப்பு நின்றுவிட்டது. எழுத்தை அழித்து வேறு சரக்கில் அச்சடித்து விற்கிறார்கள். மூன்று காலையும் ஒரு கம்பியால் சேர்த்துத் தொட்டுவிட்டு மல்டிமீட்டரின் டயோடு மோடில் பாருங்கள். 1058க்கு நடுக்கால் சோர்ஸ், கடைசிக்கால் டிரெய்ன். மீட்டரின் சிவப்பு முனையை நடுவிலும் கறுப்பு முனையைக் கடைசியிலும் வைத்தால் அரை வோல்ட் மாதிரி காட்டும். திருப்பி வைத்தால்தான் காட்டுகிறது என்றால் அது ஐஆர்எஃப் ஜாதி. கால் வரிசை மாறுவதால் ஒன்றின் இடத்தில் மற்றதை அப்படியே சொருகவும் கூடாது.

இன்னொன்று, கேட்காததுதான், இருந்தாலும் சொல்லாமல் முடியவில்லை. திருவிழா நோட்டீஸில் உபயதாரர் பெயரெல்லாம் வரிசையாக வருகிறது. மைக்செட்டுக்கு நிழலில் ஒரு மேசை கேட்டால் கொடுக்க ஆளில்லை. அன்னதான அடுப்புக்கு நாலடி தள்ளி, மேலே தார்ப்பாய் போர்த்தி வைத்தால் எந்த ஜீனரும் தாங்காது. தை அறுவடைத் தூசி ஃபின்களுக்கு நடுவே கம்பளி மாதிரி படிந்திருக்கும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சித்திரைக்கு முன்னால் ஒரு நாள் உச்சிவெயிலில் அந்த 22 மில்லிவோல்ட்டை மறுபடி அளந்து பாருங்கள்.