டேர்போ இல்லாத காருக்கு எந்த ஈசியூ ரியூனிங்?

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்தில் ஓடும் 1994 ஹொண்டா சிவிக், டேர்போ கிடையாது, விரெக் எஞ்சினில் (வேகம் கூடும்போது வால்வு திறக்கும் விதத்தை மாற்றும் ஹொண்டா அமைப்பு) ஹெடரும் (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) கேமும் (வால்வைத் திறக்கும் தண்டு) மாற்றியாயிற்று. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவை ரியூன் செய்ய, பிக்கிபாக் (வெளியே சேர்க்கும் பெட்டி), ஈசியூவுக்குள் சிப், பழையதுக்குப் பதிலாகத் தனி ஈசியூ: எதை வாங்கலாம்?

எதையும் மாற்றாத எஞ்சின் என்றால் காசை நல்ல ரயருக்குப் போடுங்கள் என்றிருப்பேன். டேர்போ காரில் பூஸ்டை (டேர்போ தள்ளும் காற்றழுத்தத்தை) கூட்டலாம். இங்கே மப்பை (எவ்வளவு பெற்றோல், எப்போது தீப்பொறி என்று ஈசியூ பார்க்கும் அட்டவணை) திருத்தி மட்டும் வருவது கொஞ்சம்தான். கேம் மாற்றியபடியால் உங்கள் கதை வேறு.

பிக்கிபாக் மலிவு. ஆனால் அது ஈசியூவுக்குப் பொய் சொல்லும் பெட்டி. பெற்றோலைக் குறைக்கச் சென்சர் சிக்னலை இறக்கினால், சுமை குறைவு என்று நம்பி ஈசியூ இக்னிஷனையும் (தீப்பொறி நேரத்தையும்) முன்னுக்குத் தள்ளும். 92 பெற்றோலில் நொக்கிங் (பெற்றோல் தானாக வெடித்து எஞ்சினை அடிப்பது) தொடங்குவது இப்படித்தான்.

உங்களுக்கு ஈசியூவுக்குள் போடும் ஹொண்டேட்டா எஸ்300 போதும். 1992-95 காலத்து ஹொண்டா ஈசியூவின் போர்டில் ஈயம் வைத்துப் பொருத்துவது. வயரிங்கில் கை வைக்கத் தேவையில்லை. விரெக் மாறும் ஆர்பிஎம்மையும் லப்டொப்பில் மாற்றலாம். தனி ஈசியூ, சிலிண்டருக்கு ஒன்றாக நாலு த்ரொட்டில் போடுகிறவருக்கு.

சரி, கூடவே வைட்பாண்ட் சென்சர் (காற்று-பெற்றோல் விகிதத்தைப் புகையில் அளப்பது) கட்டாயம். அந்த விகிதம் நிதானமாக ஓடும்போது 14.7, முழுதாக மிதிக்கும்போது 12.5-13 அளவில் நிற்க வேண்டும். அப்புறம், சின்னத் திருத்தத்துக்கெல்லாம் கொழும்புக்கு ஓட முடியாது. லொக் (ஓடும்போது ஈசியூ பதிந்த தரவு) அனுப்பினால் மப்பைத் திருத்தித் தருகிற ஆளாகப் பிடியுங்கள்.