பின்லாந்து போல வீடில்லாதவர்களுக்கு அரசே வீடு கொடுப்பது இந்தியாவில் ஏன் நடப்பதில்லை?

கல்லூரிக் கட்டுரைக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு இது வீட்டுக் கதை, கொஞ்சம் நீளும்.

கொடுப்பதெல்லாம் அப்புறம். யாரை வீடில்லாதவர் என்று எண்ணுகிறார்கள் என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. பின்லாந்தில் போக்கிடம் இல்லாமல் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருப்பவரும் அந்தக் கணக்கில் வருவார். 2008இல் அவர்கள் தொடங்கிய திட்டத்தில் முதலில் வாடகை ஒப்பந்தத்தோடு வீடு. குடிப்பழக்கத்தை விடுவது, வேலை தேடுவதெல்லாம் பிறகு. வாடகை கட்ட முடியாதவருக்கு அரசின் உதவித்தொகை ஏற்கெனவே இருப்பதால்தான் அது ஓடுகிறது. நம் 2011 கணக்கெடுப்பில் வந்த சுமார் 17.7 லட்சம் பேர் நடைபாதை, பாலத்தடி என்று வெளியே கிடந்தவர்கள். என் அம்மா அதில் வரமாட்டார்.

அம்மா மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில் 34 வருடம் கொழுந்து எடுத்தவர். தோட்டத் தொழிலாளிக்கு முதலாளிதான் வீடு தரவேண்டும் என்றது 1951 சட்டம். அதனால் லயம், அதாவது எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று, கிடைத்தது. வேலை இருக்கும்வரைதான் வீடு என்பது 58 வயது முடிந்து ஓய்வு பெற்றபோதுதான் உறைத்தது. சாவியைக் கொடுத்தால்தான் கிராஜுவிட்டி என்றார்கள். நான் எர்ணாகுளத்தில் ஒரு கடையில் வேலை. (ஏன் கூட்டிப்போகவில்லை என்று கேட்பீர்கள். ஒரே அறையில் நாங்கள் மூன்று பையன்கள்.) அம்மா இரண்டு டிரங்குப் பெட்டியோடு மலைக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பக்கம் போடியில் சித்தி வீட்டுக்கு இறங்கினார்.

2017இல் வீடில்லாதவர்களுக்கான கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்துக்குப் பெயர் எடுத்தபோது ஓடினேன். ரேஷன் கார்டில் லயத்து முகவரியைப் பார்த்துவிட்டு, கம்பெனி வீடு இருக்கிறதே என்றார்கள். காலி செய்து மூன்று வருடமாயிற்று என்றேன். அப்படியானால் ஆள் போடியில் இருக்கிறார், அங்கே கேளுங்கள் என்றார்கள். போடியில் கேட்டால், "உங்க கார்டு கேரளா கார்டுங்க."

சரி, லைஃப் திட்டத்தைத் திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். சொந்த இடம் இருப்பவருக்கு 4 லட்சம் பெரிய காசு. என் கூடப் படித்தவன் அப்படிக் கட்டிய வீட்டுப் பால்காய்ச்சில் நானும் சாப்பிட்டேன். அவனுக்கு மூன்று சென்ட் இருந்தது. எஸ்டேட்டில் பிறந்தவனுக்கு எங்கிருந்து சென்ட்?

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். தங்கை மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனால், 1950க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். தாத்தா, எஸ்டேட்டுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால், போடிப் பக்கத்துக் குரங்கணி வழியாக நடந்தே மலை ஏறியவர். அவர் பெயர் எழுதியிருந்தால் எஸ்டேட் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பேரேட்டில்தான் இருக்கும். அதைக் கேட்டு மூன்று முறை போய்விட்டேன். பழைய புத்தகமெல்லாம் கரையான் அரித்துவிட்டதாம்.