கைக்குழந்தைக்குச் சர்க்கரை: மரபணுப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு மூன்று மாதம். பிறந்த நாலாவது வாரமே சர்க்கரை என்று இன்சுலின் தொடங்கினார்கள். பேதி நிற்கவே இல்லை, உடம்பெல்லாம் கரப்பான். இப்போது ஃபாக்ஸ்பி3 மரபணுவைப் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். சர்க்கரை என்று தெரிந்த பிறகு இது எதற்கு? என் அண்ணன் ஒருவரும் கைக்குழந்தையாக இருந்தபோதே பேதியில் இறந்துவிட்டாராம்.

பதில்: கட்டாயம் செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். அண்ணன் விஷயத்தை டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள். அது முக்கியமான தடயம்.

ஆறு மாதத்துக்குள் வரும் சர்க்கரை பெரும்பாலும் ஏதோ ஒரு மரபணுப் பழுதால் வருவது. எந்த மரபணு என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறும். கேசிஎன்ஜே11 மரபணுவில் பழுது என்றால் பல குழந்தைகளுக்கு இன்சுலினை நிறுத்திவிட்டு கிளிபென்கிளமைடு மாத்திரையிலேயே சமாளிக்கலாம். உங்கள் பிள்ளைக்குப் பேதியும் கரப்பானும் சேர்ந்திருப்பதால் டாக்டர், ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதாவதால் வரும் ஐபெக்ஸ் என்ற அரிய நோயைச் சந்தேகிக்கிறார்.

இந்த மரபணு உருவாக்கும் ஃபாக்ஸ்பி3 புரதம் ஒரு படியெடுத்தல் காரணி. அதாவது, டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டு எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று முடிவுசெய்யும் புரதம். நோய் எதிர்ப்பு டி செல்களில் ஒரு பிரிவு, சொந்த உடம்பைத் தாக்கக் கிளம்பும் மற்ற டி செல்களை அடக்கிவைக்கிறது. அந்தப் பிரிவுக்கு அந்தக் குணத்தைக் கொடுப்பதே ஃபாக்ஸ்பி3தான். அது பழுதானால் அடக்க ஆளில்லை. கணையம், குடல், தோல் எல்லாம் அடிவாங்கும். அப்படிப் பார்த்தால் உங்கள் பிள்ளைக்கு இருப்பது மூன்று நோயல்ல, ஒன்றுதான்.

1940களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் வளர்த்த எலிகளில் சில ஆண் குட்டிகள் மட்டும் தோல் செதில் செதிலாகி, சில வாரங்களில் இறந்தன. அதற்குக் காரணம் ஃபாக்ஸ்பி3 மரபணுவின் பழுதுதான் என்று 2001இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் கண்டுபிடித்தார்கள். ஐபெக்ஸ் குழந்தைகளிடம் பழுதாகியிருப்பதும் அதுவே என்று அதே ஆண்டு தெரிந்தது. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சியோடு சேர்த்து இவர்களுக்குத்தான் 2025 மருத்துவ நோபல்.

ரத்தத்தில், மற்றவற்றை அடக்கிவைக்கும் அந்த டி செல்களை எண்ணும் சோதனை நார்மல் என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். வேலை செய்யாத ஃபாக்ஸ்பி3 இருக்கும் செல்லும் அந்த எண்ணிக்கையில் வந்துவிடும். மரபணுவைப் படித்தால்தான் உறுதியாகும்.

ஐபெக்ஸ் என்று உறுதியானால் இன்சுலின் தொடரும். கூடவே ஸ்டீராய்டு, சிரோலிமஸ் போன்ற மருந்துகளால் எதிர்ப்பாற்றலை அடக்குவார்கள். நோயின் வேரைத் தொடுவது ரத்த ஸ்டெம் செல் மாற்று. உறுப்புகள் அதிகம் கெடுவதற்கு முன் செய்தால் பலன் கூடுதல். அவசரம் என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் கணையத்தில் அழிந்த செல்கள் திரும்பாது, மாற்றுக்குப் பிறகும் இன்சுலின் தேவைப்படலாம். அப்புறம், சொட்டு மருந்து உட்பட எந்தத் தடுப்பூசிக்கும் முன்பு இந்த டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு இன்னொரு எக்ஸ் கைகொடுப்பதால் நோய் வருவதில்லை. உங்கள் அண்ணன் இறந்ததும் இதனால் இருக்கலாம், அதனால்தான் அதைத் தடயம் என்றேன். தாயான நீங்கள் பழுதைச் சுமப்பவர் என்றால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அடுத்த கர்ப்பத்தில் பதினோராவது வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்க முடியும். பாலினம் அறியும் சோதனைக்குத்தான் நம் சட்டத்தில் தடை; இத்தகைய நோய்களுக்கான சோதனையைப் பதிவுபெற்ற மையத்தில் செய்ய அனுமதி உண்டு. உங்களுக்கு அக்கா, தங்கை இருந்தால் அவர்களும் குழந்தைக்குத் திட்டமிடும் முன் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளட்டும்.