மவுஸ் யார் கையில்?

அன்புள்ள ஐயா,

வடமராட்சியில் ஒரு கலவன் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணினி அறை திறந்ததும் பெடியன்கள் ஓடிப்போய்க் கதிரை பிடிக்கிறார்கள். ஒன்பதாம் ஆண்டுப் பெண் பிள்ளைகள் பின்னால் நின்று பார்க்கிறார்கள். கேட்டால், "எங்களுக்கு உது சரிவராது ரீச்சர்." பத்தாம் ஆண்டில் பாடம் தெரிவுசெய்யும்போது பலர் மனைப்பொருளியலுக்குப் போய்விடுகிறார்கள். பெண்களுக்கு இதில் இயல்பாகவே ஆர்வம் குறைவு என்கிறார் சக ஆசிரியர். உண்மையா?

- ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சருக்கு,

இல்லை. அமெரிக்காவில் 1984 அளவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் ஏறத்தாழ 37 வீதம் பெண்கள். 2010 அளவில் அது 18 வீதம். இருபத்தைந்து வருடத்தில் பெண்களின் இயல்பு மாறிவிடுமா? வீட்டுக் கணினியைப் பையன்களின் விளையாட்டுச் சாமானாக விளம்பரம் செய்து விற்றது அந்த எண்பதுகளில்தான்.

2013இல் ஐசிஐஎல்எஸ் என்ற ஆய்வு, பல நாடுகளின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணினியில் வேலை செய்யவிட்டுச் சோதித்தது. பெரும்பாலான நாடுகளில் பெண் பிள்ளைகளுக்கே கூடுதல் புள்ளி. ஆனால் புரோகிராம் எழுதுவது, நெட்வேர்க் அமைப்பது போன்றவை உன்னால் முடியுமா என்று கேட்டபோது, முடியும் என்று கூடுதலாகச் சொன்னவர்கள் பையன்கள். உங்கள் பிள்ளைகளிடம் குறைவது இந்தத் துணிவுதான் என்று நினைக்கிறேன்.

அது எப்படிக் குறைகிறது என்று என் வீட்டிலேயே பார்த்தேன். 2003இல் எங்களுக்கு முதல் கம்பியூட்டர் வந்தது. அதை என் மேசையில் வைத்தார்கள். தங்கச்சி கேட்டுத்தான் தொடவேண்டும். தொட்டால், "பழுதாக்கிப்போடாதை" என்று அம்மா சொல்வா, நானும் சொல்வேன். நான் இரண்டு தரம் விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டேன், ஒருவரும் ஏசவில்லை. பிழை விட்டுப் பழகும் உரிமை எனக்கு இருந்தது, அவளுக்கு இல்லை. அதை நினைக்க இப்போதும் மனம் கனக்கிறது.

யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். வயர் கொழுவுவது முதல் எல்லாம் பிள்ளைகளேதான். அங்கே தள்ளிவிட்டு முன்னுக்கு வர ஆளில்லை.

சரி, உங்கள் வகுப்புக்கு வருவோம். பாடவேளை 40 நிமிடம் என்றால், 20ஆவது நிமிடத்தில் கதிரை மாறட்டும். பெண் பிள்ளை உதவி கேட்டால், பெடியன் வாயால் சொல்லிக்கொடுக்கட்டும், மவுஸை வாங்கக்கூடாது. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அப்புறம், ஏதாவது பிழைத்தால் முதலில் அவளையே திருத்தவிடுங்கள்.

அடுத்த முறை பாடத் தெரிவு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.