மூன்று துளைகளை வைத்து லோடைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: என் .308 ரைபிளுக்கு நானே தோட்டா லோடு செய்கிறேன், அதாவது வெற்றுக் கூட்டில் பவுடரும் புல்லட்டும் சேர்க்கிறேன். பவுடரை 0.2 கிரெய்ன் (மிகச் சிறிய எடை அலகு) வீதம் கூட்டி எட்டு லோடுகள் தயாரித்து, 100 மீட்டரில் ஒவ்வொன்றிலும் 3 ஷாட் சுட்டேன். ஒன்று 11 மி.மீ. குரூப் (துளைகள் சிதறிய அகலம்) தந்தது, இன்னொன்று 31 மி.மீ. அந்த 11 மி.மீ. லோடை அடுத்த வாரம் சுட்டால் 27 மி.மீ. வருகிறது. இனி எதை மாற்றுவது? கூட்டுக்குள் புல்லட் உட்காரும் ஆழத்தையா?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். ஒரு வாரத்தில் அந்த லோடு கெட்டுப்போகவில்லை. முதல் நாளும் அது 11 மி.மீ. லோடாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

குரூப்பை அளக்கும்போது மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தைத்தான் எடுக்கிறோம். 3 ஷாட்டில் அந்தத் தூரம் பெரிதும் தற்செயல். சராசரியாக 20 மி.மீ. குரூப் தரும் ஒரே லோடை எட்டு முறை மும்மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். சிறியது 10 மி.மீ. பக்கமும் பெரியது 30 மி.மீ. பக்கமும் வருவது சகஜம். உங்கள் 11-உம் 31-உம் அதே வீச்சுக்குள்தான் இருக்கின்றன. அதாவது, எட்டு லோடுகளுக்கும் இடையே எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும் இப்படி ஒரு டார்கெட் கிடைத்திருக்கும். எட்டில் அதிர்ஷ்டம் அடித்த ஒன்றை எடுத்தீர்கள். மறுபடி சுட்டபோது அந்த அதிர்ஷ்டம் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எப்படிச் சோதிப்பது? எட்டு லோடு வேண்டாம், இரண்டோ மூன்றோ போதும். ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 ஷாட், முடிந்தால் 20. ஒரு லோடை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், மாற்றி மாற்றிச் சுடுங்கள். பேரல் சூடு, காற்று, உங்கள் களைப்பு எல்லாம் அப்போதுதான் எல்லா லோடுக்கும் சமமாகப் பங்காகும். அளக்கும்போது துளைகளின் மையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒவ்வொரு துளைக்கும் உள்ள தூரத்தின் சராசரியை எடுங்கள். ஓரத்து இரண்டு துளைகள் மட்டும் பேசாமல் எல்லாத் துளையும் இதில் பேசும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: 10 ஷாட் குரூப், 3 ஷாட் குரூப்பைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாக வரும். ரைபிள் மோசமாகிவிட்டதோ என்று பயப்படாதீர்கள், அதன் உண்மையான அளவு அதுதான்.

இப்படிச் சோதித்தால் 0.2 கிரெய்ன் வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. புல்லட்டை மாற்றினால் தெரியும். உங்கள் ரைபிளில் புல்லட் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கும் மேலே சுழல்கிறது. அதன் செம்பு உறை ஒரு பக்கம் சற்றே தடித்திருந்தாலும் எடை மையம் நடுக்கோட்டை விட்டு விலகும், அந்தச் சிதறலைப் பவுடரால் சரிசெய்ய முடியாது. அதனால் முதல் செலவு நல்ல மேட்ச் புல்லட்டுக்கு (போட்டிக்கென்று துல்லியமாகச் செய்தது), இரண்டு மூன்று வகை வாங்கிப் பாருங்கள். அடுத்தது பவுடர் வகை. ஒரே தயாரிப்பில் வந்த கேஸ்களை (தோட்டாக் கூடுகளை) மற்றவற்றோடு கலக்காமல் வைத்துக்கொள்வதும் உதவும்.

குரோனோகிராப் (புல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) எண்களையும் இதே கண்ணோடு பாருங்கள். 5 ஷாட்டில் வேகம் சீராகத் தெரிவதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது. அதோடு, 790 மீ/வி வேகத்தில் 10 மீ/வி ஏற்ற இறக்கம் இருந்தால் 100 மீட்டரில் ஏறக்குறைய 2 மி.மீ. உயரம்தான் மாறும், 600 மீட்டரில் அதுவே சுமார் 10 செ.மீ. ஆகிவிடும். நீங்கள் எவ்வளவு தூரம் சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இதற்கு நேரம் செலவழியுங்கள்.

புல்லட் ஆழம் கடைசியில்தான். புல்லட் பேரலின் உட்புறச் சுழல் வரிகளைத் தொடும் அளவுக்கு வெளியே நீண்டால் அழுத்தம் ஏறும். கேஸுக்குள் அதிகம் இறங்கினாலும் உள்ளே இடம் குறைந்து ஏறும். ஆகவே ஆழத்தையோ, புல்லட், பவுடர், பிரைமர் (பவுடரைப் பற்றவைப்பது), கேஸ் எதையுமோ மாற்றினால், லோடிங் கையேட்டில் உள்ள ஆரம்ப அளவுக்கு இறங்கி அங்கிருந்து மறுபடி வாருங்கள். அதில் போட்ட உச்ச அளவைத் தாண்டவே கூடாது. போல்ட் (ரைபிளின் பின்பூட்டு) தூக்கக் கனமாக இருந்தாலோ, கேஸின் அடியில் பளபளவென்று எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் பாகம்) தடம் விழுந்தாலோ, அழுத்தம் மிஞ்சிவிட்டது என்று பொருள்; அந்த லோடை அங்கேயே நிறுத்துங்கள். குரூப் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் சரி.