மலையேறும்போது மட்டும் சூடேறும் ஜிப்ஸி: ரேடியேட்டரை மாற்றும் முன்

கேள்வி: எனது மாருதி ஜிப்ஸியின் 1.3 லிட்டர் எஞ்சினை எடுத்துவிட்டு, பழைய பலேனோவின் 1.6 லிட்டர் எஞ்சினைப் பொருத்தியுள்ளேன். பெல்ட்டில் சுழலும் ஃபேனுக்கு இடம் போதாததால், ரேடியேட்டருக்கு முன்புறம் எலெக்ட்ரிக் ஃபேன் ஒன்றை வைத்தோம். முன் பம்பரில், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் உள்ளது. நெடுஞ்சாலையில் 80, 90 கி.மீ. வேகத்தில் வெப்பமானியின் முள் நடுவிலேயே நிற்கிறது; ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏசியோடு ஏறினால் பாதி வழியில் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. சூட்டுக்கேற்ப எஞ்சின் குளிர்நீரின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியும் பலனில்லை. பெரிய அலுமினிய ரேடியேட்டர் வாங்குமாறு மெக்கானிக் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வேகமாகச் செல்லும்போது இதே ரேடியேட்டர் போதுமானதாக இருக்கிறது என்பதால், அதன் குழாய்கள் அடைத்திருக்கவோ வாட்டர் பம்ப் பழுதாகியிருக்கவோ வாய்ப்புக் குறைவு. அவ்விரண்டும் பெரும்பாலும் நெடுஞ்சாலையில்தான் முதலில் தொல்லை தரும். மெதுவாக ஏறும்போது மட்டும் சூடு கூடுகிறதென்றால், சந்தேகத்தைக் காற்றின் மீது வைப்பதே முறை. இதை உறுதிசெய்ய மலைக்குப் போக வேண்டியதில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஏசியைப் போட்டு, எஞ்சினை 20 நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். எஞ்சினுக்குப் பெரிய சுமை இல்லாத அந்த நிலையிலும் முள் ஏறினால், ஃபேன் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள்.

அதற்கும் முன்பாக, முள் சொல்வது உண்மையா என்று பார்த்துவிட வேண்டும். எஞ்சின் மாற்றிய வண்டிகளில் வெப்பத்தை உணரும் சென்சார் ஒரு மாடலுடையதாகவும், டேஷ்போர்டு மீட்டர் வேறொரு மாடலுடையதாகவும் அமைந்துவிடுவது சகஜம். இரண்டின் மின்தடைக் கணக்கும் பொருந்தாவிட்டால், 92 டிகிரியைக்கூட மீட்டர் சிவப்பில் காட்டும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கை அளந்து பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தை நேரடியாக அளந்தால் அளவு குறைத்தே காட்டும் என்பதால், அங்கே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டை ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும். கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து, 0.9 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடியும் இருந்தால், கலவை ஏறக்குறைய 125 டிகிரி வரை கொதிக்காது. ஆகவே ஏற்றத்தில் 100 டிகிரியைப் பார்த்துப் பதற வேண்டாம். அது 105-ஐத் தாண்டித் தொடர்ந்து ஏறினால்தான் கவலைப்பட வேண்டும்.

இனி ஃபேன். முன்னால் வைத்துக் காற்றைத் தள்ளும் ஃபேனை விட, பின்னால் வைத்து இழுக்கும் ஃபேனே மேலானது. ஏசி கண்டென்சர், வின்ச், ஃபேன் மோட்டார் என ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் ரேடியேட்டரின் முகத்தில் பாதி மறைந்துபோகும். பின்பக்கம் இரண்டங்குல இடம் கிடைத்தாலும் மெல்லிய ஃபேன் ஒன்றைத் தேடி அங்கேயே பொருத்துங்கள். அதற்கு ஷ்ரவுட் எனப்படும் உறை கட்டாயம். உறையில்லாத ஃபேன், தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியில் மட்டுமே காற்றை இழுக்கும். நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். ரேடியேட்டரின் ஊடே பிளாஸ்டிக் டை செருகி ஃபேனைக் கட்டும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். அதிர்வில் உரசி உரசி அது குழாயில் ஓட்டை போடும்.

ஒயர் மாறிப் பொருத்தப்பட்டு ஃபேன் எதிர்ப்புறமாகச் சுழல்வதும் உண்டு. வேகத்தில் எதிர்க்காற்று அதை வென்றுவிடும் என்பதால், ஏற்றத்திலும் நெரிசலிலும் மட்டுமே குறை தெரியும். நீங்கள் சொல்லும் அறிகுறியும் இதுதான். வண்டி நிற்கும்போது கிரில்லின் முன் ஒரு தாளைப் பிடித்தால் அது உள்நோக்கி இழுபட வேண்டும். பிறகு, ஃபேன் ஓடும்போதே அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்க, ஃபேனில் 11.5 மட்டுமே கிடைத்தால், மெல்லிய ஒயரோ மோசமான எர்த்தோ மீதியைத் தின்கிறது. ஃபேனுக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ், தடித்த ஒயர் ஆகியவை இருக்க வேண்டும். ஏசியைப் போட்டதும் ஃபேனும் சேர்ந்து ஓட வேண்டும்.

ரேடியேட்டரின் பக்கவாட்டு இடைவெளிகளையும் கவனியுங்கள். மெதுவாகச் செல்லும்போது எஞ்சின் அறையின் சூடான காற்று அந்தச் சந்துகள் வழியே முன்னுக்கு வந்து, மறுபடியும் ரேடியேட்டருக்குள்ளேயே நுழையும். ஃபோம் பட்டையோ தகடோ வைத்து அடைத்தால் போதும். இத்தனை மலிவான வேலையைத்தான் பலரும் செய்வதில்லை. பானெட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்துத் தூக்குவோர் உண்டு. ஏற்றத்தில் அதனால் சிறிது பயன் இருக்கலாம், வேகத்தில் கண்ணாடியடியில் சேரும் அழுத்தக் காற்று உள்ளே புகுந்து நிலைமையைக் கெடுக்கும்.

தெர்மோஸ்டாட்டை மறுபடியும் மாட்டிவிடுங்கள். அது இல்லாவிட்டால் குளிர்ந்த வேளையில் எஞ்சின் உரிய சூட்டை எட்டாது. இன்னும் சூடேறவில்லை என்று கருதி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ பெட்ரோலைக் கூட்டும். பைபாஸ் வழியைத் தெர்மோஸ்டாட்டே மூடும் அமைப்பாக இருந்தால், கழற்றியதும் கூலன்ட்டின் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். புதிதாக வாங்கியதையும் நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாதவாறு சூடேறும் நீரில் தொங்கவிட்டு, அதன் மீது பொறித்த டிகிரியில் திறக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்டுங்கள்.

பலேனோவில் குறுக்காக இருந்த இந்த எஞ்சின், ஜிப்ஸியில் நெடுக்காக அமர்கிறது. இதனால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டின் மேற்பகுதி ரேடியேட்டரின் வாயை விட உயரமாகிவிட்டால், அங்கே காற்று சிக்கிக்கொள்ளும். அப்படியெனில், எல்லாவற்றுக்கும் உயரமான இடத்தில் அழுத்தம் தாங்கும் கூலன்ட் தொட்டி ஒன்றை அமைத்து, அதன் வழியாகவே நிரப்ப வேண்டும்.

பலமுறை சிவப்பைத் தொட்ட எஞ்சின் என்பதால் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டையும் சோதித்துவிடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், இன்னும் சூடேறாத மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது. அந்த வாயுவைக் கண்டறிய ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலச் சோதனைத் திரவம் மஞ்சளாக மாறினால் ஐயமே இல்லை. சூடாக இருக்கையில் மட்டும் மூடியைத் திறக்காதீர்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஏற்றத்தில் 105-ஐத் தாண்டினால் பெரிய ரேடியேட்டரை வாங்கலாம். அப்போதும் தடிமனைப் பார்க்காமல் முகப்பின் அகலத்தையும் உயரத்தையும் பாருங்கள்; தடித்த ரேடியேட்டருக்குள் காற்றை இழுக்க, மெதுவான வேகத்தில் ஃபேன் மேலும் திணறும்.