ஊசிநேரம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஓராண்டாக இணைய வானொலி ஒன்றில் இரவுநேர இசை நிகழ்ச்சி நடத்துகிறேன். அறியப்படாத குழுக்களையே ஒலிபரப்புகிறேன். கேட்பவர்கள் மிகக் குறைவு. பிபிசியின் ஜான் பீல் 1967 முதல் 2004 இல் இறக்கும்வரை இதைத்தான் செய்தார். அவருக்கு இயல்பிலேயே ரசனை இருந்தது. எனக்கு இல்லையோ என்று ஐயமாக இருக்கிறது. கேட்பவருக்கான பாட்டைக் கணினி அல்காரிதமே தேர்ந்தெடுக்கும் காலத்தில் இத்தொழிலுக்கு எதிர்காலம் உண்டா? குரலை மேம்படுத்த என்ன செய்யலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

குரலை விட்டுவிடுங்கள். பீல் தணிந்த குரலில், ஏதோ முணுமுணுப்பதுபோலப் பேசியவர். இசைத்தட்டைத் தவறான வேகத்தில் சுழலவிட்டுப் பெயர்பெற்றவர். அல்காரிதம் பற்றிப் புலம்ப வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

என்னைச் சீண்டியது 'இயல்பிலேயே' என்ற சொல். உழைக்க மனமில்லாதவர்கள் பிறர் உழைப்புக்கு இடும் பெயர் அது; உங்களிடமிருந்து அதை எதிர்பார்க்கவில்லை. சில நாட்களாக நான் 'நீடில் டைம்' என்ற பழைய ஏற்பாட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஊசிநேரம் என்று சொல்லலாம்; இசைத்தட்டின் மேல் ஊசி ஓடும் நேரம். இசைத்தட்டுகள் பெருகினால் தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் அஞ்சியதால், பிபிசி நாளொன்றுக்கு இத்தனை மணிநேரம்தான் தட்டுகளை ஒலிபரப்பலாம் என்ற வரம்பு இருந்தது. 1967 செப்டம்பரில் பிபிசியின் பாப் இசை வானொலியான ரேடியோ ஒன் தொடங்கியபோதும் அது நீடித்தது. மிஞ்சிய நேரத்தை நிரப்பக் கலைஞர்களை அழைத்து வாசிக்கவைத்தாக வேண்டும். மைடா வேல் ஒலிப்பதிவுக் கூடத்தில், பெரும்பாலும் ஒரே நாளில் நான்கு பாடல்கள். பீல் செஷன்ஸ் என்று இன்று நாம் கொண்டாடும் 4000க்கும் மேற்பட்ட பதிவுகளின் தொடக்கம் இந்தத் தொழிற்சங்கச் சிக்கல்தான்.

வரம்பு எல்லாத் தொகுப்பாளர்களுக்கும் பொதுவாகவே இருந்தது. பீலும் அவருடைய தயாரிப்பாளர் ஜான் வால்டர்ஸும் அந்த நேரத்தை, ஒரு தட்டுகூட வெளியிடாத குழுக்களுக்கும் கொடுத்தார்கள். சூக்சி அண்ட் த பான்ஷீஸ் என்ற குழுவினர் 1977 இல் அங்கே பதிவுசெய்தபோது அவர்களுக்கு எந்த நிறுவனத்தின் ஒப்பந்தமும் இல்லை. அப்படிப்பட்டவர்களைக் கண்டடைய, முன்பின் தெரியாதவர்கள் அனுப்பிய நாடாக்களை, அவற்றில் பெரும்பாலானவை மோசமானவை என்று தெரிந்தே, நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். த ஃபால் குழுவை அவர் 24 முறை அழைத்தார். ஒருமுறை அழைப்பது ரசனை என்றால், இருபத்துநான்காம் முறை அழைப்பதை என்னவென்பீர்கள்?

நான் அவரைக் கேட்டது பிபிசி உலக சேவையின் சிற்றலையில். இரைச்சலினூடே வந்த ஒரு குழுவின் பாட்டு சகிக்கவில்லை, அணைத்துவிட்டேன். அடுத்த வாரமும் அதே குழு வந்தது. எரிச்சலோடு முழுதும் கேட்டேன். மூன்றாம் வாரம் அவர்கள் வரவில்லை என்றபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

உங்கள் நிகழ்ச்சிகளில் மூன்றைக் கேட்டேன். நல்ல காது உங்களுக்கு. ஆனால் ஒரு குழுவை ஒருமுறை போட்டதும் வேறொன்றுக்குத் தாவிவிடுகிறீர்கள். கேட்பவருக்குப் பிடிக்காமல்போக அவகாசமே தருவதில்லை. இரண்டாவது நிகழ்ச்சியின் முடிவில், தாளமே இல்லாமல் ஒரு பெண் பாடினார். எனக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த வாரமும் அவரைப் போடுங்கள்.